'மனசிலாயோ' என்று காரோட்டில் கேட்டால்

'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளியானபோது சென்னைக்காரர் வாயிலும் மதுரைக்காரர் வாயிலும் ஒட்டிக்கொண்டது ரஜினிகாந்த் பேசிய வசனம் அல்ல, வில்லன் வர்மன் வாயைத் திறந்தால் உதிர்த்த 'மனசிலாயோ'. ஆட்களை அமில டிரம்மில் கரைக்கிற சிலைக் கடத்தல்காரன் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினான். அந்தக் கலப்புப் பேச்சு பலருக்குச் சிரிப்பை மூட்டியது, சிரித்த வாய் மூடுவதற்குள் பயமும் காட்டியது. பார்த்தவர்கள் சொன்ன கருத்துகளில் பாதி அந்தப் பேச்சைப் பற்றியவைதான். சரி, இதே வசனத்தைக் காரோட்டில் வைத்துப் பாருங்கள். கேரளத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், கழக்கூட்டத்தில் புறப்படும் புறவழிச்சாலை தமிழ்நாட்டைத் தொடுகிற ஊர் இது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் மீன் விலை பேசுகிறவர்களும் பஸ் எப்போது வரும் என்று கேட்கிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். குமரி மாவட்டத்துத் தமிழில் 'புரிந்ததா' என்பதற்கே 'மனசிலாச்சா' என்றுதான் சொல்வார்கள். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது, நாக்கு மாறவில்லை. அப்படியிருக்க, வர்மனின் பேச்சு இந்த ஊர்ப் பார்வையாளருக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு. அதில் மிரள என்ன இருக்கிறது? அந்தப் புதுமை கழன்று விழுந்த பிறகும் வர்மனைக் கண்டு அடிவயிறு கலங்கினால் அந்தக் கலக்கத்துக்குக் காரணம் விநாயகன் என்ற நடிகர் மட்டுமே. கொடூரக் குற்றவாளி வேடத்தை எடை போட இந்த எல்லை ஊரை விட நல்ல தராசு கிடைக்காது.

இந்தப் பக்கத்துக் கடற்கரை கால்பந்தாட்டக்காரர்களின் கரை. சந்தோஷ் டிராபி வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தந்த பொழியூர் பக்கத்தில்தான் இருக்கிறது. பந்து காலில் இருக்கும்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், பந்து இல்லாத நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் ஆட்டம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். வில்லனுக்கும் அதே கணக்கு. கத்தியோ சுத்தியலோ கையில் இருக்கும் வேளையில் யார் நடித்தாலும் பயமாகத்தான் இருக்கும். கை சும்மா இருக்கும்போது, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் உடம்பு என்ன செய்கிறது என்பதே கேள்வி. விநாயகன் நடனக் கலைஞராக இருந்து 1995இல் 'மாந்திரிகம்' வழியாகத் திரைக்கு வந்தவர். வர்மன் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் அந்த நடனக்காரர் தெரிகிறார்: கழுத்து ஒரு தாளத்தில் அசைகிறது, கண் இன்னொரு தாளத்தில் ஓடுகிறது. ரஜினியோடு பேரம் பேசும்போது அவர் காது கொடுத்துக் கேட்கிற விதத்தைக் கவனியுங்கள். கேட்டு முடித்த உடனே பதில் வருவதில்லை. அந்த ஒரு நொடி இடைவெளியில்தான், இவன் எதையும் செய்வான் என்ற எண்ணம் நமக்குள் நுழைகிறது. அமில டிரம்மை விட அதன் பக்கத்தில் அவன் நிற்கும் சாவகாசம்தான் நினைவில் தங்குகிறது. 'கம்மட்டிப்பாடம்' படத்தில் கங்காவாக வந்து 2016க்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை வாங்கியவர் இவர். அதற்கும் முன்பே, 2013இல், 'மரியான்' படத்தில் இதே கடற்கரையின் நீரோடி ஊர் வில்லனாகத் தமிழில் வந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆள் புதிதல்ல, சும்மா இருக்க இடம் கொடுத்த படம்தான் புதிது.

கடல் கடந்தும் இந்தக் கணக்கு செல்லுபடியாகிறதா என்று பார்க்க 2000இல் வந்த பிரிட்டிஷ் படம் 'கேங்ஸ்டர் நம்பர் 1' தோதானது. லண்டனில் தன் தலைவனைப் போலவே ஆகத் துடிக்கும் பெயரில்லாத அடியாளின் கதை. இயக்கியவர் பால் மெக்கிகன். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது ஒரே காட்சியைத்தான். இளம் அடியாளாக வரும் பால் பெட்டனி எதிரிக் கும்பலின் தலைவனைச் சுட்டு வீழ்த்திவிட்டு, கோட்டையும் சட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒழுங்காக வைத்து, ஆயுதங்களை எடுத்து அடுக்கி, வேலையைத் தொடங்குகிறார். கேமரா சாகிறவனின் கண்ணாக இருக்கிறது. நமக்குத் தெரிவது பெரும்பாலும் பெட்டனியின் முகம்தான். வெட்டு விழும் இடத்தைப் படம் காட்டாமல் ஒளிக்கிறது. இருந்தும் 'தாங்க முடியாத வன்முறை' என்று பேர் வாங்கியது அந்தக் காட்சியே. என் கணக்கில் அதை விடக் கொடியது இன்னொன்று. தன் தலைவனைத் தாக்க ஆட்கள் வரப்போவது தெரிந்தும் வாயைத் திறக்காமல், காருக்குள் உட்கார்ந்தபடி அந்தத் தாக்குதலை முழுக்க வேடிக்கை பார்க்கிறான் அவன். கை படவில்லை, ஆயுதம் இல்லை. பந்து இல்லாத ஆட்டம் என்பது இதுதான். இதே படம் சறுக்குகிற இடமும் பார்வையாளர்களுக்குச் சரியாகத் தட்டுப்பட்டது. தலைவனாக வரும் டேவிட் தியூலிஸும் அவர் காதலியாக வரும் சாஃப்ரன் பர்ரோஸும் ஒப்பனை போட்டு முதுமைக்குப் போக, நாயகன் மட்டும் வயதானதும் மால்கம் மெக்டவல் ஆகிவிடுகிறார். முகம் பொருந்தவில்லை என்பது பலரின் புகார். முகம்கூடப் போகட்டும், ஒருவர் பேசாமல் பயமுறுத்தினார், மற்றவர் கத்திப் பயமுறுத்துகிறார் என்பதுதான் உண்மையான ஒட்டாமை. 1971இல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தில் உலகையே நடுங்க வைத்த மெக்டவல் சாதாரண நடிகர் அல்ல. இங்கே அவருக்குச் சும்மா இருக்கும் காட்சி அதிகம் எழுதப்படவில்லை.

அந்தக் கதையை முதலில் நாடகமாக எழுதிய லூயிஸ் மெல்லிஸ், டேவிட் சிண்டோ இருவரும்தான் அதே ஆண்டில் வந்த 'செக்ஸி பீஸ்ட்' படத்துக்கும் எழுதினார்கள். அதில் டான் லோகன் என்ற குற்றவாளியாக வருபவர் பென் கிங்ஸ்லி. 1982இல் காந்தியாக நடித்து ஆஸ்கர் வாங்கிய அதே கிங்ஸ்லி. லோகன் வரப்போகிறான் என்ற செய்தி வந்ததுமே உணவு மேசையைச் சுற்றி இருக்கும் நாலு பேர் முகமும் செத்துப்போகிறது. ஆள் இன்னும் வரவே இல்லை! வந்த பிறகும் படத்தில் அவன் யாரையும் கொல்வதில்லை, நச்சரிக்கிறான். வேலைக்கு வா, வரமாட்டேன், வா என்று ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிச் சுழற்றுகிறான். அதற்கே துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கொடூரன் என்ற பட்டத்தை வில்லன் தானே சூட்டிக்கொள்ள முடியாது, எதிரே நிற்கிறவர்களின் முகம்தான் சூட்ட வேண்டும் என்பதற்கு இந்தப் படத்தில் லோகனின் நச்சரிப்புக்கு எதிரே நிற்கும் ரே வின்ஸ்டனின் முகம் சாட்சி.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். 2024 டிசம்பர் 20 அன்று வந்த 'மார்கோ' மலையாளத்தில் இதுவரை இல்லாத வன்முறை என்று சொல்லியே விற்கப்பட்டது. ஹனீஃப் அதேனி இயக்கம், உன்னி முகுந்தன் நாயகன், 'ஏ' சான்றிதழ். நன்றாக ஓடியது, இந்திப் பிரதி வடக்கிலும் ஓடியது. குழந்தைகளையும் கர்ப்பிணியையும் விட்டுவைக்காத அதன் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்: தைரியம் என்றது ஓர் அணி, அருவருப்பு என்றது இன்னோர் அணி. இரண்டுமே ரத்தத்தின் அளவைத்தான் அளந்தன. எனக்கு அதில் உறுத்தியது வேறு. வில்லன் ரஸலாக வந்த அபிமன்யு ஷம்மி திலகன், பெரிய நடிகர் திலகனின் பேரன். குரலில் தாத்தாவின் கனம் இருக்கிறது, கண்ணில் ஏதோ இருக்கிறது. அந்தக் குரலும் கண்ணும் வேலை செய்ய ஓர் அரை நிமிஷம் அமைதி கிடைக்கவில்லை. அடுத்த வெட்டு வந்துவிடுகிறது. மைதானத்தில் 11 பேரும் பந்தின் பின்னாலேயே ஓடினால் யார் நல்ல ஆட்டக்காரன் என்று எப்படிச் சொல்வது? இடைவிடாத ரத்தம் பார்வையாளரை அதிர வைக்கலாம், பாத்திரத்தின் மேல் பயம் வராது. 'ரத்தம் ஜாஸ்தி' என்று சொன்ன பலர் உண்மையில் சொல்ல நினைத்தது 'ஆள் கம்மி' என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுப்புகள் வரும். முதலாவது: நாட்டில் இளைஞர்களின் வன்முறை பற்றி அச்சம் இருக்கும்போது நடிப்பின் நுணுக்கம் பேசுவது பொறுப்பில்லாத செயல். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் இந்த விவாதம் சூடாக நடந்தது. 'மார்கோ'வைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி சான்றிதழ் மாற்றித் தரவும் தணிக்கை வாரியம் மறுத்தது. குழந்தைகள் பார்க்கக் கூடாததைக் குழந்தைகளிடமிருந்து தள்ளி வைப்பது நியாயம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் சான்றிதழ் என்பது யார் பார்க்கலாம் என்ற கேள்விக்குப் பதில். எது நல்ல நடிப்பு என்ற கேள்விக்குப் பதில் அல்ல. அமில டிரம் வைத்திருக்கும் 'ஜெயிலர்' யு/ஏ வாங்கியதையும், அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஆள் போனதையும் நினைத்தால், அளவுகோல் அப்படியொன்றும் கல்லில் எழுதியது அல்ல என்பதும் தெரியும்.

இரண்டாவது மறுப்புதான் கனமானது. அடக்கி நடிக்கும் வில்லன்தான் ஆபத்து, அவனைத்தான் மக்கள் ரசிக்கிறார்கள், காப்பியடிக்கிறார்கள் என்பது அது. வர்மனுக்கு நடந்தது அதுவேதான். கொலைகாரனின் சொல் கேலிப்படங்களில் ஏறியது, பிறந்தநாள் வாழ்த்தில் ஏறியது. அதே ரஜினி கன்னியாகுமரி எஸ்பியாக வந்த 'வேட்டையன்' 2024 அக்டோபரில் வெளியானபோது 'மனசிலாயோ' என்றே ஒரு பாட்டு இருந்தது. மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்துப் பாட வைத்தார்கள். இதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது ரசிக்கப்பட்டது என்று பிரித்துப் பாருங்கள். பிரபலமானது அந்தச் சொல், அந்த உச்சரிப்பு. சென்னைக்குப் புதிதாக இருந்த பகுதி அது. அவன் காத்திருக்கும் அந்த ஒரு நொடியை யாரும் கேலிப்படமாக்கவில்லை, ஆக்கவும் முடியாது. அந்தச் சொல் புதிதே இல்லாத காரோட்டில் மிஞ்சி நிற்பது அந்த ஒரு நொடிதான்.

மலையாளம் பேசுகிறவனை வில்லனாக்கியது தமிழ்ப் படத்தின் பழைய குசும்பு என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. வில்லன்கள் மலை தாண்டி வந்தது உண்மைதான்: கண்ணூர்ப் பக்கத்து எம்.என். நம்பியார், கொல்லங்கோட்டில் பிறந்து 1995இல் 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனியாக நின்ற ரகுவரன். அவர்கள் இருவரும் சுத்தமான தமிழில் மிரட்ட வேண்டியிருந்தது. வாயில் வந்த மொழியிலேயே மிரட்டும் சலுகை விநாயகனுக்குத்தான் கிடைத்தது, அதை அவமானம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் கதை கிரீடம் திருடும் கலாட்டாவுக்குள் போய்விட, வர்மன் நெடுநேரம் ஓரத்தில் காத்திருக்கிறான். காத்திருக்கத் தெரிந்த நடிகரை வைத்துக்கொண்டு, அவர் காத்திருப்பதைக் காட்டாமல் விட்டதுதான் இயக்குநர் நெல்சன் செய்த தவறு. திரும்பி வரும்போது அவன் கையில் மீண்டும் ஆயுதம் இருக்கிறது, வாயில் மீண்டும் அந்தச் சொல்.