யூரோவிஷன் பாடல் போட்டி: ஃபயர் சாகாவின் கதை – திரை விமர்சனம்

"யூரோவிஷன் பாடல் போட்டி: ஃபயர் சாகாவின் கதை" 2020 ஜூன் 26 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியான ஆங்கில நகைச்சுவைத் திரைப்படம். இயக்கியவர் டேவிட் டாப்கின். வில் ஃபெரலும் ஆண்ட்ரூ ஸ்டீலும் திரைக்கதை எழுதியுள்ளனர். ஐஸ்லாந்தின் வடகரையில் உள்ள ஹூசவிக் என்ற சிறிய மீன்பிடி ஊரிலிருந்து இரண்டு பாடகர்கள் ஐரோப்பாவின் மிகப் பெரிய பாடல் போட்டிக்குப் போகிறார்கள். லார்ஸாக ஃபெரலும், சிக்ரிட்டாக ரேச்சல் மெக்ஆடம்ஸும் நடித்துள்ளனர். ஃபயர் சாகா என்பது இவர்களுடைய இசைக்குழுவின் பெயர்.

யூரோவிஷன் போட்டி 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளுடன் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் ஒரு பாடலை அனுப்பும். பாடல் 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக்கூடாது. எந்த நாடும் தன் பாடலுக்கே வாக்களிக்க முடியாது. வென்ற நாடு அடுத்த ஆண்டுப் போட்டியைத் தன் மண்ணில் நடத்துவது வழக்கம். 1974இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் ஸ்வீடனின் அப்பா குழு வென்றது இப்போட்டியின் புகழ்பெற்ற தருணம். படமும் அங்கேதான் தொடங்குகிறது. தாயை இழந்த சிறுவன் லார்ஸ் தொலைக்காட்சியில் அப்பா குழுவைப் பார்த்து எழுந்து ஆடுகிறான்; சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதே அவனுடைய வாழ்நாள் வேலையாகிவிடுகிறது.

படம் வெளிவந்த நேரமும் கவனிக்கத்தக்கது. 2020ஆம் ஆண்டுப் போட்டி நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடக்கவிருந்தது. கொரோனா பெருந்தொற்றால் அது கைவிடப்பட்டது. போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட நின்றதில்லை என்ற பெருமை அன்றோடு போயிற்று. நிஜப் போட்டி இல்லாத ஆண்டில் கற்பனைப் போட்டியைக் கொண்டு வந்த படமாகத்தான் ரசிகர்கள் இதை வரவேற்றார்கள். விமர்சகர்கள் அவ்வளவு தாராளமாக இல்லை. படம் இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். இருபது நிமிடம் குறைத்திருக்கலாம் என்ற குறை நியாயமானதே.

கதை எளிது. ஐஸ்லாந்தின் தேர்வுச் சுற்றில் எண்ணிக்கையை நிரப்ப ஒரு பாடல் தேவைப்பட, குலுக்கல் போல ஃபயர் சாகாவின் பெயர் வருகிறது. மேடையில் சொதப்புகிறார்கள். அன்றிரவு விருந்து நடக்கும் படகு வெடித்து, மற்ற போட்டியாளர்கள் அனைவரும் இறந்துபோகிறார்கள். எஞ்சியது இவர்கள் இருவர் மட்டுமே; எனவே இவர்களே நாட்டின் பிரதிநிதிகள். படகை வெடிக்கவைத்தது யார் என்பதில்தான் படத்தின் மிகக் கூர்மையான நகைச்சுவை இருக்கிறது. ஐஸ்லாந்து வென்றால் அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் செலவில் நாடு திவாலாகிவிடும் என்று அஞ்சும் வங்கி அதிகாரி விக்டர்தான் கொலைகாரர். 2008 அக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் அடுத்தடுத்துச் சரிந்ததை நினைவில் வைத்திருப்பவருக்கு இது வெறும் கோமாளித்தனமாகத் தெரியாது. வெற்றிக்குப் பயப்படும் நாடு என்ற கற்பனை புதியதும் அல்ல. அயர்லாந்து 1992, 1993, 1994 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற பிறகு, "ஃபாதர் டெட்" தொலைக்காட்சித் தொடர் 1996இல் இதே நகைச்சுவையைச் சுருக்கமாகவும் சிறப்பாகவும் செய்துவிட்டது.

ஐஸ்லாந்தின் பெயரிடும் முறையை வைத்து எழுந்த நகைச்சுவை தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் ஊரில் தந்தையின் பெயரை முதலெழுத்தாகப் போடுவதுபோல், அவர்கள் தந்தையின் பெயரோடு 'மகன்', 'மகள்' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். லார்ஸின் தந்தை எரிக். சிக்ரிட்டின் பெயருக்குப் பின்னால் இருப்பதோ எரிக்ஸ்டோட்டிர், அதாவது எரிக்கின் மகள். ஊரில் எரிக்குகள் பலர் உண்டு. லார்ஸின் தந்தையோ பெண்கள் விஷயத்தில் பேர்போனவர். காதலர்கள் இருவரும் அண்ணன் தங்கையா என்று கேட்டால், அநேகமாக இல்லை என்ற பதில்தான் வருகிறது. ஒருமுறை சிரிக்கலாம், இரண்டுமுறை சிரிக்கலாம்; படம் அதற்கு மேலும் சொல்லிக்கொண்டே போகிறது.

இப்படத்தின் மையமான கேள்வி மொழி பற்றியது. யூரோவிஷனில் சொந்த மொழியில்தான் பாடவேண்டும் என்ற விதி சில காலம் இருந்தது, சில காலம் தளர்ந்தது. 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம். அதன்பின் பெரும்பாலான நாடுகள் ஆங்கிலத்துக்கு மாறின. ஐஸ்லாந்து இதுவரை வென்றதில்லை. இரண்டுமுறை இரண்டாம் இடம் பெற்றது, 1999இலும் 2009இலும். இரண்டும் ஆங்கிலப் பாடல்கள். நான்கு லட்சம் பேர்கூடப் பேசாத மொழியில் பாடி ஒரு கண்டத்தின் வாக்கை வாங்க முடியுமா என்ற கணக்கு அந்நாட்டுப் பாடகர்களுக்குப் புதிதல்ல.

படம் இந்தக் கணக்குக்கு எதிராகத் தன் உச்சக்காட்சியை வைக்கிறது. லார்ஸ் எழுதி வைத்த பாடல் பளபளப்பானது, ஆங்கிலத்தில் அமைந்தது, வெல்வதற்கென்றே செய்தது. அரையிறுதியில் சிக்ரிட்டின் நீளமான கழுத்துத் துணி மேடையில் உருளும் ராட்சதச் சக்கரத்தில் சிக்கிக்கொள்வது அந்தப் பளபளப்புக்குக் கிடைத்த தண்டனை. (2014இல் உக்ரைன் பாடகியின் மேடையில் உண்மையிலேயே ஒரு சக்கரத்துக்குள் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார், இந்தப் போட்டியைக் கேலி செய்ய மிகைப்படுத்தவே தேவையில்லை.) இறுதிச்சுற்றில் லார்ஸ் பாதியில் பாட்டை நிறுத்துகிறான். பதிவுசெய்த பாடலை மாற்றினால் தகுதியிழப்பு என்று தெரிந்தே, சிக்ரிட் தன் ஊரைப் பற்றித் தனியாக எழுதிய பாடலை வாசிக்கத் தொடங்குகிறான். ஆங்கிலத்தில் தொடங்கும் அந்தப் பாடல் ஐஸ்லாந்திய மொழிக்கு மாறுகிறது. அதுவரை கிண்டல் மட்டுமே செய்துவந்த படம் அந்த மூன்று நிமிடம் கிண்டலை முழுதாகக் கைவிடுகிறது. மெக்ஆடம்ஸின் முகத்தில் பயமும் விடுதலையும் மாறி மாறி வருவதைப் பார்க்கும்போது, படத்தின் மற்ற எல்லாக் குறைகளையும் மன்னிக்கத் தோன்றும்.

மன்னிக்கலாம், ஆனால் கவனிக்காமல் விடமுடியாது. தாய்மொழியில் பாடுவதே உண்மையான வெற்றி என்று சொல்லும் இப்படத்தில் ஐஸ்லாந்தியம் சில வரிகளே ஒலிக்கிறது. நாயகனும் நாயகியும் இரண்டு மணி நேரம் பேசுவது இழுத்துப் பேசும் ஆங்கிலம். சிக்ரிட் தேடியலையும் அந்த உன்னத ஸ்வரத்துக்குப் படம் வைத்திருக்கும் பெயர் ஐஸ்லாந்திய மொழியிலேயே இல்லாத ஒரு சொல். ஐஸ்லாந்தின் நிஜமான தேர்வுப் போட்டியில், அரையிறுதியில் ஐஸ்லாந்திய மொழியில்தான் பாடவேண்டும் என்ற விதி இருந்துவருகிறது. கதைக்கு அள்ளிக்கொடுக்கக்கூடிய இந்தச் செய்தியைப் படம் தொடவே இல்லை.

குரல் விஷயமும் இப்படித்தான். சிக்ரிட்டின் பாடும் குரல் பெரிதும் ஸ்வீடனைச் சேர்ந்த மோலி சாண்டெனுடையது. மை மரியான் என்ற பெயரில் பாடினார். பின்னணிக் குரலில் வளர்ந்த நமக்கு அது குறையாகத் தோன்றாது. முகம் ஒருவர், குரல் ஒருவர் என்பதை நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் கதையே ஒருத்தி தன் சொந்தக் குரலைக் கண்டடைவது பற்றியதாக இருக்கும்போது, அந்தக் குரல் வேறொரு நாட்டிலிருந்து இரவல் வந்தது என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

இன்னொரு காட்சி இந்த முரணை நன்றாகக் காட்டும். எடின்பரோ மாளிகை விருந்தில் முன்னாள் போட்டியாளர்கள் ஒன்றுகூடிப் பாடுகிறார்கள்: கான்சிட்டா வுர்ஸ்ட், நெட்டா, லொரீன், அலெக்சாண்டர் ரிபாக், ஜமாலா. ரசிகர்களுக்கு விருந்துதான். ஆனால் அவர்கள் பாடும் கோவையில் ஷெர், மடோனா, பிளாக் ஐட் பீஸ் ஆகியோரின் அமெரிக்கப் புகழ்ப் பாடல்களே அதிக இடம் பிடிக்கின்றன. யூரோவிஷன் பாடல்கள் இரண்டுதான். ஜமாலா 2016இல் கிரிமியத் தாத்தார் மொழி கலந்த பாடலால் வென்றவர். தெருவில் பியானோ வாசிப்பவராக வந்துபோகும் சால்வடார் சோப்ரால் 2017இல் முழுக்கப் போர்ச்சுகீசிய மொழியில் பாடி வென்றவர். சிறுமொழியில் பாடித் தோற்றாலும் பெருமை என்று கதை சொல்லிக்கொண்டிருக்க, அப்படிப் பாடி வென்றே காட்டியவர்கள் அதே சட்டகத்தில் அலங்காரமாக நிற்கிறார்கள். 2021இல் இத்தாலிய மொழிப் பாடலும் 2022இல் உக்ரைனிய மொழிப் பாடலும் வென்றபோது படத்தின் கணக்கு மேலும் பழையதாகிவிட்டது.

நடிகர்களில் முதலிடம் டான் ஸ்டீவன்ஸுக்கு. ரஷ்யப் பாடகர் லெம்டோவாக வரும் அவர் முதலில் வழக்கமான வில்லன் போலத் தெரிகிறார். செல்வம், சிங்கம், ஆண் நடனக்காரர்கள் என எல்லாம் மிகை. பிறகுதான் அவர் வெளியே சொல்ல முடியாத ஒன்றைச் சுமப்பவர் என்று புரிகிறது. ஒருபாலீர்ப்பைப் பற்றிச் சிறார் அறியப் பேசுவதையே தடைசெய்து ரஷ்யா 2013இல் சட்டம் இயற்றியது. தன் நாட்டில் அப்படிப்பட்டவர்களே இல்லை என்று லெம்டோவ் சொல்லும் இடத்தில் ஸ்டீவன்ஸ் குரலை மாற்றுவதில்லை, கண்ணை மட்டும் மாற்றுகிறார். கேலிச்சித்திரத்துக்குள்ளிருந்து ஒரு மனிதரை வெளியே கொண்டுவந்த இக்காட்சி, லார்ஸ், தந்தை எரிக் இருவருக்கும் இடையிலான சமரசக் காட்சியைவிட ஆழமானது. எரிக்காக வரும் பியர்ஸ் பிராஸ்னனுக்குத் தாடியும் கம்பளிச்சட்டையும் கிடைத்த அளவுக்கு வசனம் கிடைக்கவில்லை.

படத்தின் மிக நேர்மையான நகைச்சுவை "யாயா டிங் டாங்". ஹூசவிக் மதுவிடுதியில் ஃபயர் சாகா எந்தப் பாடலைத் தொடங்கினாலும், ஓலாஃப் என்ற ஒருவர் அதை நிறுத்தி இந்த அர்த்தமற்ற துள்ளல் பாட்டைத்தான் கேட்பார். உலக மேடையில் அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாடிவிட்டுத் திரும்பியபிறகும் ஊர் கேட்பது அதையேதான். ஊர்ப்பெருமைப் பாடலுக்குக் கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைக்கிறது. சொந்த ஊர் என்பது கலைஞனை எப்படி நேசிக்கிறது, எப்படி வதைக்கிறது என்பதைப் படம் இந்த இடத்தில் உபதேசமின்றிச் சொல்லிவிடுகிறது.

சிக்ரிட்டின் பாடல் 2021இல் சிறந்த அசல் பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது, விருது கிடைக்கவில்லை. விழாவுக்காக மோலி சாண்டென் ஹூசவிக் துறைமுகத்திலேயே நின்று பாடினார். அவருக்குப் பின்னால் நின்று, ஐஸ்லாந்திய வரிகளைச் சேர்ந்து பாடியவர்கள் அவ்வூர்ச் சிறுமிகள். அடுத்த மாதம் ராட்டர்டாமில் யூரோவிஷன் மீண்டும் நடந்தபோது, ஐஸ்லாந்தின் வாக்குகளை அறிவிக்கத் திரையில் தோன்றியவர் ஓலாஃபாக நடித்த ஹன்னெஸ் ஓலி ஆகுஸ்ட்சன். நாட்டின் 12 புள்ளிகளையும் "யாயா டிங் டாங்" பாட்டுக்கே தரப்போவதாக அடம்பிடித்துவிட்டுத்தான் அவர் உண்மையான முடிவைச் சொன்னார்.