எங்கோ இருக்கும் தொலைநோக்கியை ரசிப்பது எப்படி?

தொலைநோக்கி விடுதி என்பது, ஒருவர் தம் சொந்தத் தொலைநோக்கியை நகர வெளிச்சம் எட்டாத ஓரிடத்துக்கு அனுப்பி, அங்குள்ள கொட்டகையில் ஒரு தூணை மாத வாடகைக்குப் பிடித்து, வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாக அதை இயக்கும் ஏற்பாடு. கூரை, மின்சாரம், இணைய இணைப்பு, கேபிள் கழன்றால் மாட்டிவிட ஓர் ஆள் ஆகியவை இடத்துக்காரர் பொறுப்பு. கருவியும் அது பிடிக்கும் படமும் உடையவருக்குச் சொந்தம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் மேஹில், டெக்சாஸின் பிராடி, ஸ்பெயினின் எக்ஸ்ட்ரிமதுரா, சிலியின் ரியோ ஹுர்தாதோ பள்ளத்தாக்கு, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். அடுத்தவர் தொலைநோக்கியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது இதன் தம்பி முறை. ரசனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் பக்கம் புதியவர்கள் வராமல் போவதற்கு ஓர் ஏச்சு போதுமானதாக இருக்கிறது: "வெட்டவெளியில் நின்று பார்க்காதவனெல்லாம் என்ன வானியல் ரசிகன்?" இப்படிக் கேட்பவர்கள் வீட்டுச் சுவரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் தொங்கும். ஹப்பிளில் கண்ணை வைத்துப் பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். 2010 டிசம்பரில் லியோனித் எலெனின் என்ற ரஷ்யர் தம் நாட்டைவிட்டு நகராமலே, மேஹில் அருகே இருந்த 45 செ.மீ. தொலைநோக்கி எடுத்த படங்களில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பனியில் நடுங்கினால்தான் வானம் வசப்படும் என்பது விரதம் இருப்பவர் பேச்சு. ரசனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடிப்படைகள் கொஞ்சம்தான். சூரியன் மறைந்ததும் கொட்டகையின் கூரை தண்டவாளத்தில் நகர்ந்து விலகும். கேமராவின் சென்சார் −10 டிகிரிக்குக் குளிரும். அந்திவானத்தின் சீரான வெளிச்சத்தில் 'ஃபிளாட்' படங்கள் எடுக்கப்படும். ஃபில்டரிலும் சென்சாரின் கண்ணாடியிலும் ஒட்டிய தூசியின் நிழலைப் பிறகு நீக்க இவை வேண்டும். தொலைநோக்கியோடு கட்டிவைத்த சின்னக் கணினியில் 'நினா' போன்ற ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒரு படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, தான் வானத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைத் தானே கண்டுகொள்ளும். பிறகு ஃபோகஸ். மோட்டார் படிப்படியாக நகர, நட்சத்திரப் புள்ளியின் அளவு சுருங்கி, மறுபடி விரியும். திரையில் அது V வடிவக் கோடாக விழும். அடிமுனைதான் சரியான இடம். இரவில் வெப்பம் இறங்க இறங்க அந்த முனை நகரும், மென்பொருளும் அதன் பின்னாலேயே போகும். 5 நிமிடத்துக்கு ஒரு படமாக விடியும்வரை சேரும். மேகமோ மழையோ காற்றோ எல்லை மீறினால் உணரிகள் எச்சரிக்க, கூரை மூடிக்கொள்ளும். பல கொட்டகைகளில் கூரை தாழ்வு. எல்லாத் தொலைநோக்கிகளும் தலையைத் தாழ்த்திப் படுத்தால்தான் மூட முடியும். ஒன்று நிமிர்ந்து நின்றுவிட்டால் அன்றைக்கு அத்தனை பேருக்கும் வயிற்றில் புளி கரையும்.

இனி, இந்தக் கலையில் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இருட்டு வேறு, காற்றமைதி வேறு. விளம்பரங்கள் இருட்டை மட்டும் பேசுகின்றன, படம் போடுகிறவர்களும் அதையே பேசுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு நல்ல படமும் தெரியாது, நல்ல இடமும் தெரியாது.

முதலில் இருட்டு. 2001இல் ஜான் போர்ட்டில் வகுத்த அளவுகோல் வானத்தை 1 முதல் 9 வரை தரம் பிரிக்கிறது. 1 என்றால் காடு, 9 என்றால் மாநகரின் நடு. கண்ணால் தீர்மானிக்கும் தரம் என்பதால் அதைவிட நம்பகமானது வானப் பின்னணியின் ஒளியை மீட்டரால் அளப்பது. மாசுபடாத வானம் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு 22 மேக்னிட்யூட் அளவில் இருக்கும், நகரத்து வானம் 18 அளவில். (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட். மேக்னிட்யூட் எண் கூடக்கூட ஒளி குறையும்.) வித்தியாசம் வெறும் 4 என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் நகரத்துப் பின்னணி 40 மடங்கு பிரகாசம். மங்கலான ஒரு கேலக்ஸியின் வெளிக்கரையை இருட்டில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டால், அதே தரத்துக்கு நகரத்தில் 40 மணி நேரம் வேண்டும். ஆகவே இருட்டின் அருமை பொய்யில்லை. ஆனால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் குறுகலான ஃபில்டரைப் போட்டுவிட்டால் தெருவிளக்கின் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். காசு கொட்டிப் போர்ட்டில் 1 வானத்துக்குக் கருவியை அனுப்பிவிட்டு, வருஷம் முழுக்க அந்த ஃபில்டரிலேயே நெபுலா என்னும் வாயு மேகங்களை எடுப்பவர், தாம் வாங்கியதில் பாதியைக்கூட அனுபவிக்கவில்லை.

அடுத்தது காற்றமைதி, தொழில் தெரிந்தவர்கள் 'சீயிங்' என்பார்கள். வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும் காற்றுக் குமிழிகள் தொலைநோக்கிக்கு முன்னால் ஓடும்போது, ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல நட்சத்திரம் நெளியும். 5 நிமிட எக்ஸ்போஷரில் அந்த நெளிவெல்லாம் சேர்ந்து புள்ளி ஒரு பொட்டாக ஊதிப்போகும். பொட்டின் அகலம்தான் அளவு. சாதாரண இடங்களில் 2 முதல் 4 ஆர்க்செகண்ட். சிலியின் நல்ல இரவுகளில் 1க்கும் கீழே.

சிலிக்கு ஏன் இந்த வரம்? பசிபிக்கில் தெற்கிலிருந்து வரும் ஹும்போல்ட் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிரவைத்துத் தாழ்வாகவே படுக்கவைக்கிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல அமர, மேகமும் ஈரமும் மேலே ஏற முடியாமல் கீழேயே தங்கிவிடுகின்றன. மேலே வரும் காற்றோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டி, எந்த மலையிலும் மோதாமல், அடுக்குக் குலையாமல் வருகிறது. செர்ரோ தொலோலோ, ஜெமினி தெற்கு, 8.4 மீட்டர் கண்ணாடியோடு ரூபின் ஆய்வகம் எல்லாம் கொக்கிம்போ வட்டாரத்தில் கூடியிருப்பது இதனால்தான். அதே வட்டாரத்தில் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில்தான் எல் சவுசே விடுதி இருக்கிறது. பெரிய ஆய்வகங்களின் பெயரைச் சொல்லி வாடகை கேட்கும் இடங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலையுச்சியின் காற்று பள்ளத்தாக்கில் கிடைப்பதில்லை. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கித் தேங்கும். பகலில் காய்ந்த கான்கிரீட் தரையும் தகரக் கூரையும் நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும். ஊரைவிட்டுத் தள்ளிப் போனால் இருட்டு எங்கேயும் கிடைத்துவிடும். காற்றமைதிக்குக் கடலும் மலையும் ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் அது அரிது.

எது யாருக்கு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேமரா பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டை மூடுகிறது என்று வரும். இன்று பரவலாக இருக்கும் 3.76 மைக்ரான் சென்சாரை 530 மி.மீ. தொலைநோக்கியில் பொருத்தினால் ஏறத்தாழ 1.5. காற்று 1 ஆர்க்செகண்ட் அளவுக்கு அமைதியாக இருந்தாலும் இந்தக் கருவிக்கு அது தெரியப்போவதில்லை. அதே சென்சார் 2,000 மி.மீ. தொலைநோக்கியில் 0.39, இங்கே காற்றின் ஒவ்வோர் அசைவும் படத்தில் பதியும். எனவே குட்டைக் குவியம் இருட்டைத் தேடிப் போகட்டும், நெட்டைக் குவியம் காற்றமைதியைத் தேடிப் போகட்டும். பொட்டின் அகலம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகும். மங்கலான நட்சத்திரம் ஒன்றைப் பிடிக்கக் கால்வாசி நேரம் போதும். பரந்து கிடக்கும் நெபுலாவுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. கிரகங்களுக்கு இருட்டே தேவையில்லை, வியாழன் நகரத்து வானத்திலும் தகதகக்கும். சிலியில் உள்ள சிலிஸ்கோப்பின் 1 மீட்டர் தொலைநோக்கியை இங்கிலாந்தின் டேமியன் பீச் தொலைவிலிருந்து இயக்கி எடுத்த வியாழன் படங்களில் மேகப் பட்டைகளின் விளிம்புச் சுழல்கள்வரை தெரிவது, அந்தக் காற்றின் கொடை.

இருட்டின் பக்கத்துக்கு ஒரு நல்ல வழக்கு உண்டு. கலிபோர்னியாவில் இருந்த ஜே கபனி, மேஹில் அருகே வைத்திருந்த 50 செ.மீ. தொலைநோக்கியை இயக்கி, என்ஜிசி 5907 என்ற விளிம்புத் தோற்றக் கேலக்ஸியை எடுத்தார். சிதறிப்போன ஒரு குட்டிக் கேலக்ஸியின் நட்சத்திரங்கள் வளையம் வளையமாக அதைச் சுற்றியிருப்பதாக அந்தப் படம் காட்டியது. டேவிட் மார்ட்டினெஸ் தெல்காதோ குழுவினரின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை வழியாக அது உலகம் சுற்றியது. 2019இல் பீட்டர் வான் டொக்கும் குழுவினர் 'டிராகன்ஃபிளை'யால் அதே கேலக்ஸியைப் பார்த்தார்கள். 400 மி.மீ. கேனன் கேமரா லென்ஸ்களைக் கொத்தாக அடுக்கிய கருவி அது. அதுவும் மேஹிலில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நீண்ட வளைவுதான் தெரிகிறது, இரண்டாவது வளையம் இல்லை என்றார்கள். டிராகன்ஃபிளையின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2.8 ஆர்க்செகண்ட், கூர்மையில் அது ஏழை. கேள்வி கூர்மையைப் பற்றியது அல்ல. மங்கலின் கடைசிப் படியில் இருப்பது வான ஒளியா, படத்தைச் செப்பனிடும்போது வந்து ஒட்டிய நிழலா என்பது. இருண்ட வானத்தின் முழுப் பயன் இந்தக் கேள்வியைக் கேட்க முடிவதில்தான் இருக்கிறது. அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு வேறு பாடம் வேண்டாம்.

படத்தைப் பார்க்கும் முறைக்கு வரலாம். நடுவில் இருக்கும் நெபுலாவை முதலில் பார்ப்பது பாமரத்தனம். மூலைகளைப் பெரிதாக்கிச் சின்ன நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும். அவை உருண்டையாகவும் சிறிதாகவும் இருந்தால் காற்றும் கருவியும் ஒத்துழைத்திருக்கின்றன. நட்சத்திரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால், இல்லாத கூர்மையை மென்பொருள் இட்டுக்கட்டியிருக்கிறது. அடுத்தது பின்னணி. உண்மையான வானம் கருஞ்சாம்பலாக இருக்கும். மை பூசினாற்போல் கன்னங்கரேல் என்றால், மங்கலான ஒளியையெல்லாம் படம் எடுத்தவரே வெட்டி எறிந்திருக்கிறார். இருட்டுக்கு வாடகை கொடுத்தது வீண். நிறத்துக்கு மயங்கக் கூடாது. 1995இல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்ற நெபுலாப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது: எந்த வாயு எங்கே என்று ஆராய்வோர் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று அந்தப் பச்சையைத் துடைத்துவிட்டு எல்லா நெபுலாவையும் தங்கமும் நீலமுமாகப் பட்டுப்புடவை ஆக்குவது ஒரு மோஸ்தர். செயற்கை நுண்ணறிவால் இரைச்சலைத் துடைத்துப் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வழவழப்பாக்குவது இன்னொன்று. படத்துக்குக் கீழே "50 மணி நேரம், போர்ட்டில் 1" என்று எழுதியிருந்தால் கைதட்டுகிறவர்கள் அதிகம். அன்றைக்கு நட்சத்திரப் பொட்டின் அகலம் எத்தனை என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஆள் எவ்வளவு நேரம் எடுத்திருந்தாலும் என்ன?

நம்மூர் வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சிலியில் குளிர்காலத்து இரவு 8 மணி என்றால் இங்கே விடிகாலை 5.30. அங்கே இரவின் பெரும்பகுதி இங்கே பகல். தூக்கத்தைக் கெடுக்காத வானியல் இது ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் தமிழ்நாட்டு வானத்தை மூடும்போது சிலியில் மெகல்லன் மேகங்கள் என்ற பக்கத்துக் கேலக்ஸிகள் உயர ஏறியிருக்கும். பெரிய மெகல்லன் மேகம் சென்னையில் தொடுவானத்திலிருந்து 8 டிகிரிகூடச் சரியாக எழும்பாது. அங்கே 50 டிகிரியைத் தாண்டும். விடுதி விளம்பரத்தில் போடாத இரண்டு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்: ஒரு வருஷத்தின் தெளிந்த இரவுகள் எத்தனை, மாதவாரியாகப் பொட்டின் சராசரி அகலம் எத்தனை. நியூ மெக்சிகோவில் ஜூலை முதல் செப்டம்பர்வரை பருவமழை. அந்த மாதங்களை விட்டுவிட்டுச் சொல்லும் சராசரியை நம்ப வேண்டாம்.

ஆரம்பத்திலேயே கருவி வாங்கி அனுப்புவதும் வேண்டாம். முதலில் சில மணி நேரம் வாடகைத் தொலைநோக்கி எடுத்து, ஒரே பொருளை ஓர் இருண்ட இடத்திலிருந்தும் ஓர் அமைதியான இடத்திலிருந்தும் படம்பிடித்து, செப்பனிடாத ஒற்றைப் படங்களை ஒப்பிட்டால் கண் திறந்துவிடும். அதன் பிறகும் சொந்தக் கருவி அனுப்பியே ஆக வேண்டும் என்ற ஆசை தணியவில்லையென்றால், அதை மொட்டை மாடியில் வைத்து, கீழறையிலிருந்து, ஒரு மாதம் கையால் தொடாமல் இயக்கிப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துப் போடவும், உறைந்துபோன கணினியை எழுப்பவும், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் வழி தவறினால் அதைத் திரும்பப் படுக்கவைக்கவும் இணையம் வழியாகவே முடிந்தால் அனுப்பலாம். ஒரு தடவையாவது மாடிப்படி ஏற நேர்ந்தால், அந்தக் கோளாறைச் சரிசெய்த பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும்.