கனவுக் கதைகள் நம்மை அசைக்கின்றனவா?

பள்ளிச் சுவர்களிலும் பரிசளிப்பு விழா மேடைகளிலும் கடந்த கால் நூற்றாண்டாகத் தமிழகத்தில் மிகுதியாக ஒலித்த சொல் எது என்று கேட்டால், பலரும் 'கனவு' என்றே சொல்வர். கனவு காண், அதைத் துரத்து, அடைந்தே தீருவாய் என்னும் கருத்தைக் கதையாக்கித் தரும் நூல்கள் நம் பங்கு நூலகங்களிலும் இடம்பிடித்துவிட்டன. இரவல் பதிவேட்டைப் புரட்டினால், ஓயாமல் கைமாறுபவை அவையே என்பது விளங்கும். படிக்கும் நம் பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உள்ளம் கிளர்வது வேறு, உள்ளம் அசைந்து இடம் மாறுவது வேறு. முன்னது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். பின்னது மறுநாள் காலையில் நாம் செய்யும் செயலில் தெரியவரும். இக்கதைகள் இவ்விரண்டில் எதைச் செய்கின்றன என்பதைப் பரவலாகப் படிக்கப்படும் சில நூல்களை வைத்துச் சிந்திப்பது நம் கடமையாகும்.

இடையனும் புதையலும்

இவ்வகை நூல்களில் தலையாயது பிரேசில் நாட்டு எழுத்தாளர் பவுலோ கொயலோவின் 'ரசவாதி'. 1988-இல் போர்த்துக்கீசிய மொழியில் வெளிவந்த இக்குறுநாவல், 1993-இல் ஆங்கிலத்தில் வந்தபின் உலகெங்கும் பரவியது. 80-க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுத் தமிழிலும் படிக்கப்படுகிறது. இளமையில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்ற கொயலோ, 1986-இல் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா திருத்தலத்திற்கு நடந்தே திருப்பயணம் மேற்கொண்டவர். நாம் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதரின் திருத்தலம் அது. கதைத்தலைவனின் பெயரும் சந்தியாகோ என்பதே.

ஆடு மேய்க்கும் அவ்விளைஞன், எகிப்தின் பிரமிடுகளுக்கருகே புதையல் இருப்பதாகக் கனவு காண்கிறான். ஆடுகளை விற்றுவிட்டுக் கடல் கடந்து, பாலைவனம் கடந்து போகிறான். அங்கே அவனை அடித்துப் பறிக்கும் கள்வரில் ஒருவன், தானும் ஸ்பெயினில் ஒரு பாழடைந்த கோவிலில் புதையல் இருப்பதாகக் கனவு கண்டதாகவும், அதை நம்பிப் புறப்பட்டுவிடத் தான் மூடன் அல்லன் என்றும் ஏளனம் செய்கிறான். சந்தியாகோ முன்பு ஆடுகளோடு படுத்துறங்கிய கோவிலே அது.

கதை கொயலோவின் கற்பனையில் பிறந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவியிலும், ஆயிரத்தோர் இரவுகளிலும் பாக்தாத் நகரத்து மனிதன் ஒருவன் கெய்ரோவுக்குப் போய் இதே பாடத்தைக் கற்றுத் திரும்புகிறான். யூத ஞானியர் மரபிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று நம் பாட்டிமார் சுருக்கமாகச் சொல்லிவிடுவர். பழைய வடிவங்கள் ஒருவனுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டன. கொயலோவோ அதைப் பொதுவிதி ஆக்குகிறார்: ஒன்றை உண்மையாக விரும்பினால், பிரபஞ்சம் முழுவதும் விரும்புவோனுக்குத் துணைநிற்குமாம். ஒருவனுக்கு வாய்த்த அருள், எல்லாருக்கும் உரிய சட்டமாகிவிடுகிறது. அருளையும் சட்டத்தையும் பிரித்தறியப் பவுலடியாரிடம் பயின்ற நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இவ்விதியைச் சந்தியாகோவுக்குக் கற்பிப்பவராகக் கதையில் வருபவர் சாலேம் அரசர் மெல்கிசெதேக்கு. தொடக்கநூலில் அவரை நாம் அறிவோம். அங்கே அவர் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவந்து ஆபிராமுக்கு ஆசி வழங்குகிறார். ஆபிராமின் விருப்பங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆபிராம் எங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார் என்பதும் கருதத்தக்கது. சிறைபிடிக்கப்பட்ட தம் உறவினர் லோத்தை மீட்டுக்கொண்டு திரும்பும் வழியில்தான் அந்த ஆசி அவருக்குக் கிடைத்தது. தன் புதையலைத் தேடிப் போகிறவனுக்கு அதே அரசரை வழிகாட்டியாக்கும்போது, பெயர் மட்டும் எஞ்சிப் பொருள் மாறிவிடுகிறது.

படிகக் கடைக்காரர்

நூலை முற்றாகத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. அதில் உண்மையான மனிதர் ஒருவர் இருக்கிறார். தாஞ்சியர் நகரில் மேட்டுத் தெருவொன்றில் முப்பதாண்டுகளாகப் படிகப் பாத்திரக் கடை வைத்திருப்பவர் அவர். பணத்தைப் பறிகொடுத்த சந்தியாகோ அவரிடம் ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்கிறான். மெக்காவுக்குத் திருப்பயணம் போக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. இளைஞனின் உழைப்பால் கடை செழிக்கிறது, கையில் பணமும் சேர்கிறது. ஆயினும் அவர் போகவில்லை. போய்வந்துவிட்டால் பிறகு எதற்காக உயிர்வாழ்வது என்று அஞ்சுகிறார்.

இந்த ஒரு மனிதரிடத்தில் நாவல் ஆழத்தைத் தொடுகிறது. ஆனால் ஆசிரியர் அங்கே தங்குவதில்லை. கடைக்காரரை அஞ்சி நின்றவர் என்று ஒதுக்கிவிட்டுச் சந்தியாகோவோடு பாலைவனத்திற்குப் போய்விடுகிறார். எம் பங்கு நூலகத்துப் படியில் பலருடைய பென்சில் கோடுகள் உள்ளன. பிரபஞ்சத்தைப் பற்றிய அறிவுரைகளின்கீழ் இரட்டைக் கோடுகள். கடைக்காரர் வரும் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. படிப்பவர் எல்லாரும் தம்மைச் சந்தியாகோவாகவே எண்ணிக்கொள்கின்றனர். நூலை மூடிவைத்தபின் நம்மில் பெரும்பாலோர் திரும்பிப் போவதோ கடைக்கும், அலுவலகத்திற்கும், அடுப்படிக்கும் அன்றோ? அங்கே நமக்குத் துணையாக வரக்கூடிய ஒரே மனிதரைக் கதையே பின்னால் விட்டுவிட்டது. பாலைவனச் சோலையில் சந்தியாகோ காதலிக்கும் பாத்திமாவின் நிலையும் இத்தகையதே. ஆடவனின் கனவு பயணமாகிறது. அவளுக்குக் காத்திருத்தலே கனவு என்று கதை முடிவுகட்டிவிடுகிறது.

தோற்றவனுக்கு என்ன சொல்வது?

இத்தகைய கதைகளால் தீங்கொன்றும் இல்லையே, நம்பிக்கைதானே தருகின்றன என்பர் சிலர். விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உண்மையாக விரும்பியவனுக்குப் பிரபஞ்சம் துணைநிற்கும் என்றால், துணை கிடைக்காதவன் உண்மையாக விரும்பவில்லை என்று ஆகிறது. சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவிடம் அவருடைய நண்பர்கள் பேசியதும் இதுதான்: துன்பம் வந்திருப்பதால் குற்றம் உன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்றார்கள். ஆண்டவர் அந்நண்பர்களைக் கடிந்துகொண்டதாகவே அந்நூல் முடிகிறது.

இது வெறும் ஏட்டு வாதமன்று. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் தோற்ற பிள்ளைகள் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகளை 2017 முதல் தமிழகம் பலமுறை கேட்டிருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஒரு கதைப்புத்தகத்தின் மீது அப்பழியைச் சுமத்துவது அநீதி. ஆனால் தோற்ற பிள்ளை நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமரும்போது, அவனுக்குச் சொல்ல இக்கதையிடம் ஒரு சொல்லும் இல்லை என்பதை மறுக்க முடியுமா? வள்ளுவர் இதில் எச்சரிக்கையானவர். எண்ணியதை எண்ணியவாறே அடைவதற்கு அவர் 'வினைத்திட்பம்' அதிகாரத்தில் ஒரு நிபந்தனை வைத்தார். எண்ணியவரின் உறுதியே அந்நிபந்தனை. உலகம் வளைந்துகொடுக்கும் என்று அவர் வாக்களிக்கவில்லை.

ஒன்பதாம் இடம்

கனவு காணச் சொன்னவர் என்று நம் பிள்ளைகள் அறிந்த அப்துல் கலாமின் வாழ்க்கை நூல் இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுகிறது. அருண் திவாரியின் துணையோடு எழுதப்பட்டு 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல், மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'அக்னிச் சிறகுகள்' என்று தமிழில் பரவியது. சுவரில் எழுதப்பட்ட கலாம் வேறு, இந்நூலில் வரும் கலாம் வேறு. சுவரில் இருப்பவர் கனவு கண்டார், வென்றார். நூலில் இருப்பவரோ தாம் மிகவும் விரும்பிய ஒன்றில் தோற்றார்.

வானூர்தி ஓட்டியாக வேண்டும் என்பதே அவருடைய கனவு. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனவர்கள் 25 பேர். தேவைப்பட்டவர்கள் எட்டுப் பேர். கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். உடைந்த உள்ளத்தோடு ரிஷிகேஷ் சென்றவரிடம், விமானி ஆவது உனக்கு விதிக்கப்படவில்லை, இத்தோல்வியை ஏற்றுக்கொண்டு உனக்குரிய வழியைத் தேடு என்ற பொருள்பட சுவாமி சிவானந்தர் பேசுகிறார். அதன்பின் கலாம் 1958-இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓர் அரசுப் பணியில் சேர்கிறார். 2006-இல், தம் 74-ஆம் வயதில், குடியரசுத் தலைவராகச் சுகோய் போர் விமானத்தில் பறந்தார் என்பது உண்மையே. ஆனால் அவரை உருவாக்கியது அந்த ஒருநாள் பயணம் அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் உழைப்பே.

இதைவிட நெஞ்சைத் தொடும் இடம் ஒன்று நூலில் உண்டு. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். கலாமுக்குப் பின்னே நின்றது பிரபஞ்சம் அன்று, ஒரு சகோதரியின் வெறுங்கை. அக்கையை நூல் மறைக்கவில்லை. கனவின் விலையை யார் கொடுத்தார் என்று அது பெயர் சொல்லிக் காட்டுகிறது. அதனால்தான் அப்பக்கத்தில் வாசகர் உள்ளம் அசைகிறது. தம் வீட்டில் யாருடைய வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று என்று அவர் நினைக்கத் தொடங்கிவிடுகிறார்.

திருச்சியும் ஸ்ரீரங்கமும்

அதே நூலில் நம் ஊரும் வருகிறது. 1950 முதல் 1954 வரை கலாம் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தார். ஆங்கிலம் கற்பித்த அருள்தந்தை செக்வேரா விடுதிக் காப்பாளராகவும் இருந்தார். நாள்தோறும் இரவில் கையில் விவிலியத்தோடு ஒவ்வொரு மாணவரையும் சென்று பார்ப்பாராம். தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்காக அறைதோறும் நல்லெண்ணெய் வழங்க அவரே ஏற்பாடு செய்தாராம். கலாமோடு ஓர் அறையில் இருவர் தங்கியிருந்தனர். ஒருவர் ஸ்ரீரங்கத்து வைணவர். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்.

அந்த ஸ்ரீரங்கத்து நண்பரின் கனவு என்னவாயிற்று? நூல் அதைச் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. ஆனால் வென்றவரோடு ஓர் அறையில் உறங்கி எழுந்தவர்களின் கதையையும் யாரேனும் எழுத வேண்டும் அல்லவா? காவிரிப் பாலத்திற்கு அப்பால் அதை எழுதியவர் ஒருவர் உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, அதே வளனார் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்த ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. விறுவிறுப்பான கதைகளுக்காகவே பெரிதும் பேசப்படுபவர். எனினும் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்ற தொகுப்பில் அவர் வேறொரு மனிதராகத் தெரிகிறார். சித்திரை வீதிகளும் உத்திர வீதிகளும் சூழ்ந்த அச்சிற்றூரில் உலகம் கவனியாத மனிதரை அவர் கவனிக்கிறார். அதிலுள்ள ஒரு கதையின் தலைப்பு 'ஏறக்குறைய ஜீனியஸ்'. 'ஏறக்குறைய' என்ற அச்சொல்லில் எத்தனை வாழ்க்கைகள் அடங்கிக் கிடக்கின்றன! ஒன்பதாம் இடம் பெற்ற கலாமும் அன்றைக்கு ஏறக்குறைய விமானிதானே? இக்கதைகள் எவருக்கும் வெற்றியை வாக்களிப்பதில்லை. ஆனால் படித்து முடித்தபின், நம் தெருவில் நாம் கேலி செய்த ஒருவரை மறுநாள் சற்று நின்று பார்க்கிறோம். கொயலோ விட்டுச்சென்ற கடைக்காரரைச் சுஜாதா திண்ணையில் உட்காரவைத்துப் பேசவிடுகிறார் எனலாம்.

வளனாரின் கனவுகள்

அக்கல்லூரி தாங்கியிருக்கும் பெயரையும் எண்ணிப் பார்ப்போம். மத்தேயு நற்செய்தியில் புனித வளனார் நான்கு முறை கனவின் வழியாக இறைவனின் ஏவுதலைப் பெறுகிறார். நான்கில் ஒன்றேனும் அவருடைய தனி விருப்பத்தைப் பற்றியதன்று. மரியாவை ஏற்றுக்கொள்வது, குழந்தையைக் காப்பாற்றி எகிப்துக்குக் கொண்டுபோவது, திரும்பி வருவது, பாதுகாப்பான ஊரில் குடியமர்வது ஆகிய இவையே அவருடைய கனவுகள். சந்தியாகோவைப் போல அவரும் எகிப்துக்குப் போனார், புதையல் தேடி அன்று. அவர் பேசியதாக ஒரு சொல்லையும் நற்செய்தி தரவில்லை. விழித்தெழுந்தார், செய்தார் என்று மட்டுமே அது சொல்கிறது.

ஆகவே கனவுக் கதைகளை நம் நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டியதில்லை. புதுநன்மையின்போதும் உறுதிபூசுதலின்போதும் தேர்வு வெற்றிகளின்போதும் 'ரசவாதி'யைப் பரிசளிக்கும் பெற்றோர், அதனோடு 'அக்னிச் சிறகுக'ளையும் சேர்த்துக் கொடுக்கட்டும். வளையல் அடகுபோன பக்கத்தையும் ஒன்பதாம் இடம் வரும் பக்கத்தையும் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கட்டும். படித்து முடித்தபின் இரண்டு வினாக்களைக் கேட்கட்டும்: இக்கனவுக்கு யார் விலை கொடுத்தார்? இது கைகூடாமற்போயிருந்தால் இவரை நீ மதித்திருப்பாயா? இரண்டாம் வினாவுக்கு நம் பிள்ளை தயங்காமல் 'ஆம்' என்று சொல்வானாயின், அந்நூல் அவனை அசைத்திருக்கிறது என்று நம்பலாம். நாளை அவனே தோற்றுத் திரும்பும் நாளில் வீட்டுக் கதவைத் தட்ட அவனுக்கு அச்சம் இராது.