கோப்பை இருக்கிறது, கழகம் இல்லை

தை பிறந்து அறுவடை முடிந்ததும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்ச் சுவர்களில் கபடிச் சுவரொட்டிகள் ஏறிவிடும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என எந்தப் பக்கம் போனாலும் அமைப்பு ஒன்றுதான். உச்சியில் ஊர்ச்சாமி துணை, நடுவில் ‘மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி’, அதன் கீழே எந்தப் பரிசை யார் தருகிறார் என்ற பட்டியல், சுற்றிலும் இளவட்டங்களின் சின்னச் சின்னப் படங்கள். எடை வரம்பும் நுழைவுக் கட்டணமும் கடைசி வரியில் இருக்கும். இதை ஒட்டிய குழு பத்து வருஷம் கழித்தும் இருக்குமா? பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் குழுக்களை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது.

முதலில் இவற்றின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். கண்மாய்க்கரைப் பொட்டலையோ அறுத்துப் போட்ட வயலையோ ஆடுகளமாக்குவது லேசான வேலையில்லை. தாள்கட்டையை வெட்டி, கல் பொறுக்கி, மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, 13 மீட்டருக்கு 10 மீட்டர் கோடு போடுகிறார்கள். கம்பம் நட்டு விளக்குக் கட்டுகிறார்கள். யாருக்கும் கூலி கிடையாது. நடுராத்திரியில் வேனில் வந்து இறங்கும் வெளியூர்க்காரப் பிள்ளைகளுக்கும் சோறு இருக்கும். பாடி வருகிறவனைக் கார்னரில் நிற்பவன் கணுக்காலில் பிடித்து மடக்கும்போது, பெயர்கூடத் தெரியாத அந்தப் பையனுக்கு ஐம்பது ரூபாயும் நூறு ரூபாயும் மைக்கில் அறிவிக்கப்படும். கையில் காசில்லாத பிள்ளைக்குத் தன் திறமையை ஊரறியக் காட்ட இதைவிட மலிவான மேடை கிடையாது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து போனவர்தான். ரயில்வே, போலீஸ், மின்வாரியம் என்று கபடியால் வேலைக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. 2014-இல் புரோ கபடி வந்து, 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்த பிறகு ஆசை இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் குழு என்பது ஒரு வயசுக்காரர்களின் கூட்டாளித்தனமாகவே நின்றுவிடுகிறது. அவர்களில் நாலு பேருக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு பேர் திருப்பூருக்கும் ஒருவர் வளைகுடாவுக்கும் போய்விட்டால் கதை முடிந்தது. சுழற்கோப்பை யாரோ ஒருவர் வீட்டுப் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும். உறுப்பினர் ஏடு இல்லை, சந்தா இல்லை. போட்டியில் மிச்சமான பணம் என்ன ஆனது என்று கேட்டால் சண்டைதான் வரும். பத்து வயசுப் பிள்ளைக்கு வாரம் மூன்று நாள் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மாநில, தேசியப் போட்டிகள் மண்ணை விட்டு ‘மேட்’ விரிப்புக்குப் போய்விட்டன. மண்ணில் வெறுங்காலோடு பழகியவன் அங்கே ஷூ போட்டுத் திரும்பும்போது தடுமாறுகிறான். ஒரு ராத்திரிப் பரிசுக்குப் புரள்கிற பணத்தில் பாதி இருந்தால், நாலைந்து ஊர் சேர்ந்து ஒரு பழைய மேட் விரிப்பாவது வாங்கிப் போடலாம்.

கழகம் நிலைத்து நிற்பது எப்படி என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். 2025 கடைசியில் மதுரையிலும் சென்னையிலும் நடந்த இளையோர் ஹாக்கி உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றது. அந்த நாட்டில் விளையாட்டின் அடித்தளம் ஊர்க் கழகங்கள். ஏறத்தாழ 86,000 கழகங்கள் இருக்கின்றன. பல சிற்றூர்க் கழகங்களின் வரலாறு ஒரே தடத்தில் போகும்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கி, பிறகு கால்பந்துப் பிரிவு சேர்ந்து, இன்று பாட்டிகளின் உடற்பயிற்சி வகுப்பு வரை நடத்துவது. ஹோஃபன்ஹைம் என்ற சுமார் மூவாயிரம் பேர் வாழும் கிராமத்தின் கழகம் 1899-இல் பிறந்தது; 2008-இல் நாட்டின் முதல் தரக் கால்பந்து லீகுக்கே போனது. போனதற்குச் சிறுவயதில் அங்கே ஆடிய கோடீஸ்வரர் ஒருவரின் பணமும் காரணம் என்பதால் அங்கே இன்றும் அதைப் பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் அந்தப் பணம் வருவதற்கு முன்பே கழகம் நூறாண்டு நெருங்க உயிரோடு இருந்தது. நம் சுவரொட்டியில் முதல் பரிசு தருகிறவர் அடுத்த வருஷம் கைவிரித்தால் நமக்கு எது மிஞ்சும்?

ஜெர்மன் ஏற்பாட்டை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. 1811-இல் பெர்லினில் யான் என்பவர் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கத்தில் தேசவெறியும் யூத வெறுப்பும் கலந்திருந்தன. 1933-இல் நாஜிகள் வந்ததும் உடற்பயிற்சிச் சங்கங்களின் தலைமை அமைப்பு யூத உறுப்பினர்களை வெளியேற்றியது. உறுப்பினர் ஏட்டை எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் அதில் யார் பெயருக்கு இடம் என்பதுதான் கழகத்தின் யோக்கியதையைச் சொல்லும்.

இந்த இடத்தில் நம் குழுக்களின் பெரிய குறை வெளிப்படுகிறது. ‘நம்ம தெருப் பசங்க’ என்ற பாசம்தான் குழுவைக் கட்டுகிறது. தெரு என்றால் நம் ஊர்களில் பெரும்பாலும் சாதி. பனியன் நிறத்திலும் பேனர் படத்திலும் அது தெரியும். தோற்ற அணி கிளம்பும்போது வாய்த்தகராறு முற்றினால் அது இரண்டு தெருச் சண்டையாகி, மறு வருஷம் போலீஸ் அனுமதி மறுக்கும். பிறகு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப்போட்டு, நிபந்தனைகளோடு ஆட வேண்டிய நிலை. சாதியால் கட்டிய குழு ஆட்டத்தையே பணயம் வைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று, பெண் பிள்ளைகள். சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா இருந்த இந்திய மகளிர் அணி 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டித் தங்கத்தை வென்றது. வசதி குறைந்த மறுகுடியமர்வுப் பகுதியிலிருந்து அவர் எழுந்து வந்ததற்குப் பின்னால் நாள் தவறாத பயிற்சி இருந்தது. நம் பொட்டல் போட்டிகளிலோ பெண்கள் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கிறவர்கள்தான்.

கணக்கு எழுதுவது நமக்கு வராத வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரித்து, வெடிச்செலவு, பந்தல் செலவு என்று வரவு செலவை அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கிறார்கள். அம்மனுக்கு எழுதுகிற கையால் ஆட்டத்துக்கும் எழுதலாம்.

அடுத்த தைக்குச் சுவரொட்டி அடிக்கப் போகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பரிசுத்தொகையைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பணத்தில் பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்கப் பயிற்சி நடத்துங்கள். அடுத்த தெருக்காரர்களையும் பெண் பிள்ளைகளையும் முதல் நாளே உறுப்பினராக எழுதிக்கொள்ளுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும்.