கதவைத் திறப்பவர் எங்கே?
மோர்மன் ஊழிய இலக்கியம் பற்றிச் சில கருத்துக்கள்

1863ஆம் ஆண்டு யூன் மாதத்தில், லண்டன் துறைமுகத்தில் 'அமேசன்' என்னும் கப்பலொன்று புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறியிருந்தோர் எண்ணூறு பேரளவினர். பெரும்பாலோர் இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள். மோர்மன் ஊழியரின் போதனையைக் கேட்டு அம்மதத்தைத் தழுவி, அமெரிக்காவின் யூட்டாப் பிரதேசத்திற் குடியேறப் புறப்பட்டவர்கள். அக்கப்பலைக் காணச் சென்றார் சார்ள்ஸ் டிக்கன்ஸ். கண்டிக்கத் தக்கவர்களாயின் கண்டித்தெழுதுவதே அவர் எண்ணம். ஆயின் குடியும் கூச்சலுமின்றி, ஒருவர்க்கொருவர் உதவிக்கொண்டு, தளத்தின்மீதிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்த அம்மக்களைக் கண்டதும் அவர் தம் முடிவை மாற்றிக்கொண்டார். உப்பேரிக் கரையில் அவர்களுக்கு என்ன காத்திருக்கின்றதோ என்ற ஐயத்தை அவர் கைவிடவில்லை. எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதினார். அக்கட்டுரை இன்றும் படிக்கத் தக்கதாயிருப்பதற்குக் காரணம் அந்த நேர்மையே.

மோர்மன் ஊழியரைப் பற்றி எழுதப்பட்டனவும் படமாக்கப்பட்டனவும் இன்று பல. பக்தியுடன் ஆக்கப்பட்டனவும் உண்டு. பரிகாசத்துடன் ஆக்கப்பட்டனவும் உண்டு. இவற்றுட் சிலவற்றை அண்மையில் ஒருசேர நோக்கியபோது, டிக்கன்ஸ் கப்பலேறிப் பார்த்த அந்த மனிதர், அதாவது ஊழியனின் சொல்லைக் கேட்டுக் கதவைத் திறந்தவர், இவற்றுட் பெரும்பாலானவற்றில் இல்லையென்பது புலனாயிற்று. இக்கட்டுரை அது பற்றியதே.

மிஷனரி என்றவுடன் யாழ்ப்பாணத்து வாசகருக்கு நினைவு வருவது 1816இல் வந்த அமெரிக்க மிஷனும், அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியும், அச்சியந்திரமும் வைத்தியசாலையுமே. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியன் அவர்களைப் போன்றவனல்லன். 1830இல் நியூ யோர்க் மாநிலத்தில் யோசெப் ஸ்மித் தொடங்கிய இச்சபையிலே, ஊழியஞ் செய்வோர் வேதசாத்திரம் கற்றுத் தேர்ந்த குருமாரல்லர். பாடசாலையை விட்டு வந்த பிள்ளைகள். 2012ஆம் ஆண்டிலிருந்து ஆண்கள் 18 வயதிலேயே புறப்படலாம் என்றாயிற்று. ஆண்களுக்கு இரண்டாண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். செல்லும் நாட்டை அவர்கள் தெரிவுசெய்வதில்லை. சோல்ட் லேக் சிற்றியிலுள்ள தலைமை தெரிவுசெய்கின்றது. சம்பளமும் இல்லை. மாறாக, ஊழியனோ அவன் குடும்பத்தாரோ மாதந்தோறும் பணங்கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து செல்வோர்க்கு இத்தொகை 2020 யூலையில் 400 டொலரிலிருந்து 500 டொலராக உயர்த்தப்பட்டது. தன் உழைப்பைக் கொடுப்பதோடு அதற்கான செலவையும் தானே தாங்கும் தொழிலாளியைப் பொருளியல் நூல்களில் நாம் எளிதிற் காணமுடியாது.

அவனது நாளை நோக்குவோம். காலை ஆறரைக்கு எழவேண்டும். சிறிது தேகப்பயிற்சி, குளிப்பு, உணவு. பின்னர் தனித்து வேதம் படித்தலும், இணைத்தோழனுடன் சேர்ந்து படித்தலும். அந்நிய நாடாயின் மொழிப்பயிற்சி. அதன்பின் வெள்ளைச் சேர்ட்டும் கழுத்துப்பட்டியும் கறுப்புப் பெயர்த்தகடும் அணிந்து வீதியில் இறங்கவேண்டும். கதவுகளைத் தட்டுதல், சந்திகளில் நிற்போருடன் பேசுதல், அழைத்த வீட்டிற் பாடம் நடத்துதல். இரவு பத்தரைக்கு விளக்கணைத்தல். தட்டிய கதவுகளுட் பல திறப்பதில்லை. திறப்பனவும் விரைவில் மூடப்படுகின்றன. 2017இல் இந்நேரசூசி சிறிது தளர்த்தப்பட்டதாயினும், மணிக்கணக்கில் அளந்த வாழ்வு என்பது மாறவில்லை. சொந்தப் பெயரும் இரண்டாண்டுகளுக்கு மறைந்துபோகிறது. குடும்பப் பெயருக்கு முன் 'எல்டர்' என்ற அடைமொழியே எஞ்சும். கிழமையில் ஒரு நாள் மட்டும் உடுப்புத் தோய்க்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்கு எழுதவும் ஒதுக்கப்படும். 2019 பெப்ரவரிக்கு முன், பெற்றோருடன் தொலைபேசியிற் பேசுவது ஆண்டுக்கு இருமுறை, நத்தாரன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே. அதன்பின் கிழமைதோறும் பேச இடமளிக்கப்பட்டது.

இவையெல்லாவற்றிலும் கடினமானது இணைத்தோழனே என்று தோன்றுகிறது. குளியலறைக்கு வெளியே ஊழியன் ஒரு கணமும் தனித்திருத்தல் ஆகாது. தான் தெரிவுசெய்யாத ஒருவனுடன் உண்டு, உறங்கி, நடந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ மாற்றம் வந்ததும் இன்னொருவனுடன் மீண்டும் தொடங்கவேண்டும். ஓர் ஆசிரியர் விடுதியில் மூவர் ஓர் அறையிற் கிடந்த அனுபவம் எனக்குண்டு. குறட்டை விடுபவனை நேசிப்பது எவ்வளவு கடினமென்பதை நான் அறிவேன்! அவனை நேசிக்கக் கற்பதே தம் ஊழியத்தில் தாம் பெற்ற முதல் ஆத்மீகப் பயன் என்று இவர்களுட் சிலர் சொல்லும்போது, அதைப் பொய்யென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆத்மீகப் பயனைப் பற்றி இவர்கள் பேசும் முறையைச் சற்றுக் கவனிக்கவேண்டும். இச்சபையில் மாதத்தின் முதல் ஞாயிறன்று உறுப்பினர் எழுந்து தம் நம்பிக்கைக்குச் சான்று பகர்வது வழக்கம். சிறுவயது முதல் கேட்டுப் பழகிய அச்சான்றுரையே ஊழியனின் நாட்குறிப்புக்கும் கடிதத்துக்கும் பின்னாளில் எழுதும் நினைவுநூலுக்கும் அச்சாக அமைகிறது. முதலில் துன்பம், பின்னர் செபம், பின்னர் விடை. நமது தலபுராணங்களிற் பிணிதீர்ந்த கதைகளைப் படித்தவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. அனுபவம் அச்சுக்குள் ஊற்றப்படுகையில் அச்சுக்கடங்காதது வெளியே வழிந்துபோகிறது. வழிந்துபோனவற்றுள் முதன்மையானவர் எதிரே நின்ற மனிதர்.

யோன் குரோபேர்க் என்பவரின் 'புயலின் கண்ணிலே' என்ற நினைவுநூல் 1993இல் வெளிவந்தது. அதைத் தழுவி மிச் டேவிஸ் 2001இல் நெறியாண்ட படம் 'சுவர்க்கத்தின் மறுபுறம்'. 1950களில் தொங்காத் தீவுகளுட் சிறியதான நியுவாதோபுதாபுவுக்கு அனுப்பப்பட்ட இடாகோ மாநில இளைஞனின் கதை அது. நூலின் சிறந்த பகுதிகளை மறுத்தற்கில்லை. ஆங்கில வேதத்தையும் தொங்க மொழி வேதத்தையும் அருகருகே வைத்து அவன் மொழி பயிலும் பகுதி ஒரு மொழியாசிரியனை நிச்சயம் தொடும். உறங்கும்போது எலிகள் அவன் பாதங்களைக் கடித்துப் புண்ணாக்குவதும், புயலுக்குப் பின்வந்த பட்டினியும் மிகையின்றி வந்துள்ளன.

ஆயின் அத்தீவு மக்கள் எங்கே? படத்தில் அவனது அனுபவமெல்லாம் தாயகத்திலிருக்கும் காதலிக்கு எழுதும் கடிதங்களாக விரிகின்றன. கடிதம் யாருக்கு எழுதப்படுகிறதோ அவருக்கேற்பவே உலகம் ஒழுங்குபடுத்தப்படும். இங்கே தொங்க மக்கள் கடிதத்தின் பொருளாகின்றனரேயன்றி அதைப் பெறுபவராகவோ மறுமொழி எழுதுபவராகவோ ஆவதில்லை. மாமரத்திலிருந்து விழுந்த சிறுவன் பிழைத்தெழுவது ஊழியனின் நம்பிக்கை உறுதிப்படுவதற்காகவே. அச்சிறுவனின் தாய் அன்றிரவு என்ன நினைத்தாள் என்பதை நாம் அறியோம். அக்காலத் தொங்கா, அரசி சலோத்தேயின் ஆட்சியில், பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் இருந்த நாடு. வெஸ்லியன் மிஷன் வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட நாடு. அம்மக்கள் ஒரு மதத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏன் மாறினர்? உறவினர் பகைத்திருப்பர், நிலமும் குடிமையும் தலைவர் தயவும் குறுக்கிட்டிருக்கும். இன்று தொங்க மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இச்சபையினர். அவ்வளவு பெரிய சமூக மாற்றத்தை ஓர் இளைஞனின் பொறுமை மட்டும் விளக்கிவிடாது. குரோபேர்க் இந்நூலை எழுதியபோது சபையின் உயர் தலைவர்களுள் ஒருவராயிருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதற்கு நேரெதிர்த் துருவத்தில் நிற்பது 2011இல் நியூ யோர்க்கில் அரங்கேறி ஒன்பது டோனி விருதுகளைப் பெற்ற 'மோர்மன் நூல்' என்னும் இசைநாடகம். இரு இளம் ஊழியர் உகண்டாவுக்கு வருகின்றனர். தாம் கற்ற போதனை அங்கு செல்லாதென அறிகின்றனர். ஊழியனின் கட்டாயப் புன்னகையையும், ஐயத்தை அடக்கிக்கொள்ளும் பயிற்சியையும் நாடகம் கூர்மையாகப் பிடித்திருக்கிறது. சிரித்தேன். ஆனால் அதன் உகண்டா எது? நோய், பசி, துப்பாக்கி ஏந்திய தளபதி. அமெரிக்க இளைஞர் பக்குவமடைவதற்கு அமைத்த பின்திரை. பக்தன் தொங்காவைப் பயன்படுத்திய முறைக்கும் பரிகாசக்காரன் உகண்டாவைப் பயன்படுத்திய முறைக்கும் வேறுபாடு தொனியில் மட்டுமே. 2020இல், அந்நாடகத்தில் நடித்த கறுப்பினக் கலைஞரே ஆசிரியர்களுக்குக் கடிதமெழுதி இதைச் சுட்டிக்காட்டினர். அடுத்த ஆண்டு பிரதி திருத்தப்பட்டது. விமர்சகர்கள் பலர் ஒன்பது ஆண்டுகளாகக் கைதட்டிய இடத்தில் நடிகர்களே விமர்சகராகவேண்டியிருந்தது!

இவ்விடத்தில் மறக்கமுடியாத ஒரு வரலாறுண்டு. 1978 யூன் வரை, ஆபிரிக்க வழிவந்த கறுப்பின ஆண்களுக்கு இச்சபையில் குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது. அதனால் மேற்கு ஆபிரிக்காவுக்கு ஊழியர் முறையாக அனுப்பப்படவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது? கானாவில் யோசெப் வில்லியம் பில்லி யோன்சன் என்பவர் 1964இல் மோர்மன் நூலைப் பெற்றுப் படித்து, எவருடைய அனுமதியுமின்றித் தாமே சபைகளை அமைத்தார். நைஜீரியாவில் அந்தோனி ஓபின்னா என்ற ஆசிரியரும் தம்மைச் சூழ ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு, ஊழியரை அனுப்புமாறு கேட்டுக் கடிதங்கள் எழுதினார். ஆண்டுகள் சென்றன. 1978 நவம்பரிலேதான் ஓபின்னா திருமுழுக்குப் பெற்றார். யோன்சனும் கூட்டத்தினரும் அடுத்த மாதம் பெற்றனர். இங்கே கதவைத் தட்டியவர் ஆபிரிக்கர். திறக்காமல் உள்ளே இருந்தவர் சோல்ட் லேக் சிற்றியினர். தம்மைத் தாழ்ந்தவராகக் கருதிய ஒரு சபைக்காக இவர்கள் ஏன் காத்திருந்தனர்? அறியாமை என்று ஒரு சொல்லில் நாம் இதைத் தள்ளிவிடலாம், தள்ளியும் இருக்கிறோம். ஆயின் பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு அவ்வளவு எளிய பொருளன்று. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேற்சொன்ன இசைநாடகத்தின் கேலியில் ஒரு பங்கு இத்தடையையும் எட்டியது, காத்திருந்தவரை எட்டவில்லை.

நான் பார்த்தவற்றுள் தலைசிறந்தது றிச்சார்ட் டச்சர் எழுதி, இயக்கி, நடித்த 'தேவசேனை'. 2000ஆம் ஆண்டில், ஏறத்தாழ 3 இலட்சம் டொலர் என்ற சிறுதொகையில் எடுக்கப்பட்ட படம். களம் தொலைதூரத் தீவன்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரம். கான்சாஸ் மாநிலத்திலிருந்து புதிதாக வந்த ஆலன் என்ற பையனுக்கு இணைத்தோழனாக வாய்ப்பவன் 29 வயதான டால்டன். மூளையிற் கட்டி வளர்ந்து இறந்துகொண்டிருப்பவன். நெருக்கமான வாடகை வீடு, ஒருவரையொருவர் ஏமாற்றி விளையாடும் பையன்கள், கால்வலி, அறைந்து சாத்தப்படும் கதவுகள் எல்லாம் இதிலுண்டு. கினெகர் என்னும் ஊழியன் நம்பிக்கையை இழந்து விலகிப்போகிறான். படம் அவனை வில்லனாக்கவில்லை. கறுப்பின ஊழியன் ஒருவனையும் காட்டி, 1978க்கு முந்திய தடையைப் பற்றிய வினாவை அவன் முகத்துக்கெதிரே எழுப்புகிறது. இத்துணிவு பக்தி இலக்கியத்தில் அரிது.

குறையும் உண்டு. நடக்கமுடியாதவன் ஒருவன் ஆசீர்வாதத்தால் எழுந்து நடக்கும் காட்சியிற் படம் தன் யதார்த்தத்தைத் தானே கைவிடுகிறது. பழைய அச்சு மீண்டும் வந்துவிடுகிறது. ஆயின் டால்டனுக்கு அற்புதம் நிகழவில்லை. அவன் இறக்கிறான். தோழனுடைய மரணத்திலிருந்து ஆலன் பெறுவதே அப்படத்தில் உண்மையான பயன், அதற்கு எண்ணிக்கையில்லை. டச்சர் 2007இல் தாம் சபையை விட்டு நீங்கியதைப் பகிரங்கமாக எழுதினார். இதைக் கேட்டவுடன் கைகொட்டி மகிழும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: படத்திலுள்ள நேர்மை அவர் உள்ளே இருந்தபோது ஆக்கியது.

இறுதியாக ஒரு நூல். கிரெய்க் ஹார்லைன் ஐரோப்பிய மத வரலாற்றுப் பேராசிரியர்; மோர்மன் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். 1970களில் பெல்ஜியத்தின் டச்சு மொழி பேசும் பகுதியில் தாம் செய்த ஊழியத்தைப் பற்றி 2014இல் எழுதினார். 'தேவதூதருக்கு வெகு கீழே' என்று அதன் தலைப்பை ஏறக்குறையத் தமிழாக்கலாம். பெருந்தொகையானோரை மனந்திருப்பும் கனவுடன் சென்ற பையன், கத்தோலிக்க ஊர்களில் மூடிய கதவுகளின் முன் நிற்கிறான். தோல்வியைத் தன் நம்பிக்கைக் குறைவென்றே எண்ணி வருந்துகிறான். இவ்வருத்தத்தை ஹார்லைன் நகைச்சுவையோடு சொல்கிறார். ஆயினும் அந்நகைச்சுவைக்கு அடியில், பத்தொன்பது வயதுப் பிள்ளைமீது எண்ணிக்கையின் பாரத்தை ஏற்றும் ஓர் அமைப்பின் கொடுமை தெரிகிறது. பரீட்சைப் பெறுபேற்றை வைத்தே பிள்ளைகளையும் ஆசிரியரையும் அளக்கும் நமக்கு இது விளங்காததன்று.

அவன் பெறும் பயன் எது? மனந்திருந்தாத பெல்ஜியர் சிலரை, அவர்கள் திருந்தவேண்டுமென்ற எண்ணமின்றியே நேசிக்கத் தொடங்குகிறான். அவர்கள் மொழி அவனுக்கு இனிக்கிறது. அவர்களை மாற்றவந்தவன் தான் மாறுகிறான். இங்கேதான் முதன்முறையாகக் கதவைத் திறந்தவருக்கு முகமும் குரலும் சொந்த எண்ணமும் வாய்க்கின்றன. துண்டுப்பிரசுரத்தோடு வீடுவீடாகச் சென்ற அனுபவம் நம்முட் பலர்க்குண்டு. திறந்தவரிடம் எதைக் கேட்டோம் என்று அவ்வேளைகளை எழுதிய நம் சிறுகதைகளிற் தேடிப் பார்த்தேன். அது பற்றிப் பிறிதோர் இதழில் எழுதுவதாக எண்ணம்.

ஹார்லைனிலும் முழுநிறைவு இல்லை. அந்தப் பெல்ஜியர் அவனைப்பற்றி என்ன பேசிக்கொண்டனர் என்பது நமக்கு அவன் வாயிலாகவே கிடைக்கின்றது. ஆயினும் கேட்டவற்றைச் சான்றுரையின் அச்சுக்குள் அவர் அடைக்கவில்லை. உயர்தர வகுப்பில் ஆங்கிலம் படிக்கும் மாணவர்க்கு இந்நூலின் சில அத்தியாயங்களையும் டிக்கன்ஸின் கப்பற் கட்டுரையையும் ஒருங்கே கொடுக்கலாம். டச்சரின் படத்தைப் பார்த்தபின் குரோபேர்க்கின் நூலைப் படிப்பது நன்று. முதலிற் படிப்பவர் அந்த எலிகளையும் புயலையும் தாண்டி வேறெதையும் காணாதிருத்தல் கூடும்.