420 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 420 கிலோமீட்டர். பறக்கும் நேரம் என்று ஒரு கணக்கு அரை மணி சொல்லும். டிக்கெட்டில் ஒன்றே கால் மணிக்கு மேல் போட்டிருக்கும். எதை நம்புவது?

தூரத்தில் குற்றமில்லை. பூமிப் பந்தின் மேல் நூல் பிடித்து அளந்த குறுக்குவழி அது. ரயில் பாதையோ 490 கிலோமீட்டருக்கும் மேல். வம்பு, அந்த 420ஐ மணிக்கு 800 என்ற வேகத்தால் வகுக்கும்போது ஆரம்பிக்கிறது. விடை 31 நிமிடம். ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மதுரை இருப்பதோ தென்மேற்கில். எதிர்க்காற்றில்தான் எழும்ப வேண்டும் என்பதால், வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் விமானம் கடலைப் பார்த்து ஓடுகிறது. ஜன்னலோரத்தில் இருப்பவர் வங்கக் கடலைப் பார்த்துவிட்டுத்தான் மதுரைப் பக்கம் திரும்புகிறார். மதுரை ஓடுபாதையும் கிழக்கு மேற்கே. அங்கும் ஒரு வளைவு. ஏறுவதும் இறங்குவதுமே பாதிக்கு மேல் தின்றுவிடும் தடத்தில் 800 வேகத்துக்கு இடம் கொஞ்சம்தான். ஏடிஆர் போன்ற விசிறி விமானமென்றால் அந்த வேகமே கிடையாது, 500ஐச் சுற்றித்தான். எனவே அரை மணிக் கணக்கைத் தள்ளுபடி செய்யலாம்.

டிக்கெட் நேரம் இதைவிட நேர்மையானது. நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் மதுரையில் நிற்பது வரை எண்ணுகிறது. கூடவே தாமதத்துக்கென்று சில நிமிடக் கையிருப்பும் உண்டு. ‘பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்ற பெருமை பல நாள் அந்தக் கையிருப்பிலிருந்து வருவதுதான்.

ஆனால் பயணம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது. அண்ணா நகரிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி போடும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால், ஒன்றரை மணி முன்னதாக அங்கே நிற்க வேண்டும். பறக்க 80 நிமிடம், இறங்கிப் பெட்டி எடுக்க 25, ஊருக்குள் போக அரை மணி. மொத்தம் நாலே முக்கால் மணி. எழும்பூரில் வந்தே பாரத் ஏறினால் மதுரை ஜங்ஷன் ஆறு மணி நேரத்துக்குள்; வீட்டிலிருந்து எழும்பூர் போய்க் காத்திருப்பதையும் சேர்த்தால் ஏழு மணி. இறங்கும் இடம் ஊரின் நடுவில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆக, விமானத்தின் லாபம் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். அந்த நாலே முக்காலும் வரிசை, சோதனை, பஸ், வரிசை என்று துண்டு துண்டாகப் போவது. ரயிலில் ஒரே சீட். புத்தகம் முடியும், தூக்கமும் முடியும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ்காரர் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிப்பார். அவருடையது இரவு முழுக்க நீளும் ரயில் பயணம்தான், ஆனால் பகலில் ஒரு நிமிடம்கூட அவருக்குச் செலவில்லை.

என் தீர்ப்பு இது: காலையில் போய் வேலை முடித்து மாலையே திரும்ப வேண்டியவர் விமானத்தில் போகட்டும், அவருக்கு அது நியாயமான செலவு. மற்றவர்கள், அதிலும் தாம்பரத்திலேயே வந்தே பாரத் ஏற வசதியுள்ளவர்கள், ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.