தையலுக்குப் பிந்தைய காவல்

1894-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை அறுபட்டிருந்தது. அதைத் தைக்கும் வழி அன்றைய மருத்துவத்தில் இல்லை, உயிர் போயிற்று. அதே ஊர் மருத்துவர் அலெக்சிஸ் காரெல், துணியில் பூவேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் நுண்தையல் பழகி, 1902-இல் ரத்தக்குழாய்களை இணைக்கும் முறையை வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். லியோன் ஒரு பட்டு நகரம். பட்டு நெய்யும் ஆரணி நெசவாளர்களும் இதில் உரிமையோடு பெருமைப்படலாம்.

இந்தியாவில் 1998-இல் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவையும் இன்னொரு பட்டு ஊரோடு தொடர்புள்ளதுதான். காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அதன் தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். டெல்லி அப்போலோவில் சிகிச்சை நடந்தது. 2009-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

பொருத்திய கல்லீரலின் பெரிய எதிரிகளில் ஒன்று ரத்தக்கட்டு. கல்லீரலுக்குப் போர்ட்டல் சிரை, தமனி என இரு வழியில் ரத்தம் வருகிறது. ஆனால் பொருத்திய கல்லீரலின் பித்தநாளங்கள் தமனியை மட்டுமே நம்பிப் பிழைக்கின்றன. பக்கத்துச் சிறு குழாய்களெல்லாம் அறுவையில் வெட்டுப்பட்டுவிடும். தமனி அடைத்தால் நாளங்கள் அழுகும், சீழ் பிடிக்கும். உறவினர் தரும் துண்டுக் கல்லீரலில் அந்தத் தமனியின் விட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கியோட்டோ மருத்துவர்கள் நுண்ணோக்கி வைத்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கத் தொடங்கிய பிறகே அடைப்பு வெகுவாகக் குறைந்தது.

தைத்தபின், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனால் காவல் காக்கும் வழக்கம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. முதல் வாரத்தில் தினமும் கட்டிலருகே கருவியைக் கொண்டுவந்து வலது விலாவுக்கடியில் வைப்பார்கள். திரையில் தமனியின் அலை துடிப்புக்குத் துடிப்பு சரேலென எழ வேண்டும். எழாவிட்டால் சி.டி. ஆஞ்சியோ, அடுத்து மீண்டும் அறுவை அரங்கு. நோயாளி வலியென்று சொல்லுமுன்பே கட்டு பிடிபடுகிறது. ஸ்கேன் செய்பவரின் கைத்திறனைப் பொறுத்ததுதான் என்றாலும், உயிர்காக்கும் முறை இது.

குறை மருத்துவமனை வாசலுக்கு வெளியே இருக்கிறது. தமனி மாதங்கள் கழித்தும் அடைக்கலாம். அப்போது பெரும்பாலும் வலி இருக்காது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அரிப்பு, மஞ்சள் கண் என்றுதான் தெரியும். ஆரணியில் தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. சென்னை போய்வர ஒரு நாள் பிழைப்பு போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ஆகவே தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு தறிக்குத் திரும்புவார்கள். அறுவைக்குப் பணம் கொடுக்கும் திட்டங்கள் இந்தப் பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். கல்லீரல் கெட்டுவிட்டால் மறுபடி ஒன்று வேண்டும். ஒரு வீட்டில் கொடுக்கக்கூடியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஏற்கெனவே கொடுத்தவர் மறுமுறை கொடுக்க முடியாது.

மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் ஸ்கேன் எடுப்போருக்கு இந்தத் தமனியைப் பார்க்கப் பயிற்சி கொடுத்து, மாற்று மையத்தோடு போனில் இணைத்தாலே பாதிக் கவலை தீரும். அதுவரை ஆரணி மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கல்லீரல் மாற்று செய்துகொண்டவர் காய்ச்சலென்று வந்தால் மாத்திரை எழுதி அனுப்பிவிடாதீர்கள், அன்றைக்கே அவருடைய மாற்று மையத்துக்குப் பேசுங்கள்.